தொட்டியின் அடியில் மிஞ்சியது

சோப்பு அக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர்கள் அவளோடு வேலை பார்த்தவர்கள்தான். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதிக்கு இருபத்தோரு வருஷம் அவள் பொறுப்பு. இடுப்பளவு அண்டாவிலிருந்து மருந்து கலக்கும் கரண்டி வரை, அவள் விரல் படாமல் எதுவும் அலமாரி ஏறியதில்லை. கழுவி வந்த பாத்திரத்தின் உள்விளிம்பில் ஒரு சுற்று விரலை ஓட்டுவாள். வழவழப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் வாயைத் திறக்காமல் அதைத் திரும்பத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவாள். நாலு திட்டு திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை என்று கழுவுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அவளுக்கு இருந்தது ஒரே சட்டம். ஒரு வேளைச் சாப்பாட்டில் மிஞ்சியது அடுத்த வேளைப் பாத்திரத்தில் இருக்கக் கூடாது. அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் அதற்குப் பெயர் அழுக்கு.

ஐம்பத்தெட்டு வயதில் வேலையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். முதல் இரண்டு மாதம் வீட்டைக் கழுவினாள். பிறகு கழுவிய வீட்டையே கழுவினாள். அவள் கணவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எதையும் சொல்லிக்காட்டாமல் ஒதுங்கிப்போகிற சுபாவம். அவரே ஒரு நாள், நாற்காலியை விட்டு எழுந்தால் நாற்காலியைக் கழுவிவிடுகிறாய், உட்கார்ந்தே இருந்தால் என்னைக் கழுவிவிடுவாய் போலிருக்கிறது என்றார். அதற்கு அடுத்த வாரம் கொல்லைப்புறத்தில் கம்பிவலை அடித்து, முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் நாற்பது கோழிகளை வாங்கி விட்டாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் தனக்காகக் காத்திருக்கிற வேலை ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

கோழிகள் முட்டையிட ஆரம்பித்ததும் தெருமுனைப் பேக்கரிக்காரர் தினமும் ஓர் அட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அட்டைக்கு முப்பது. விடிந்ததும் அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் தெருவில் நடந்துபோவதைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் ஏதோ வார்டுக்கு அவசரமாகக் கொண்டுபோகிறாள் என்றுதான் தோன்றும். முதுகு அவ்வளவு நேராக இருக்கும்.

ஆறேழு வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு ஓடு மெலிய ஆரம்பித்தது. அட்டையில் ஒன்று கீறல் விட்டது, அப்புறம் இரண்டு. ஒரு நாள் நாலு முட்டை உடைந்து அட்டையின் அடி நனைந்து கிழிந்தது. பேக்கரிக்காரர் நல்ல மனிதர், ஆனால் வேலையில் கறார். கீறல் விட்ட முட்டைக்குள் கிருமி போகும், கேக்கில் போட முடியாது என்பது சோப்பு அக்காவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அக்கா, உங்க முகத்துக்காக இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். கடைசி ஒரு வாரம் கீறல் இல்லாம வரணும். இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

அவள் தப்பாக நினைக்கவில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் ஒரு வாரம்கூடப் பொறுத்திருக்க மாட்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வீடு திரும்புகிற வழியில் கணக்கு தெளிவாகத் தெரிந்தது. பேக்கரி போனால் நாற்பது கோழியை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. கோழி போனால் அதிகாலை ஐந்து மணி போயிற்று. அதற்குப் பிறகு நாற்காலியைத்தான் கழுவ வேண்டும்.

அதுவரை கோழிகள் தின்றது வீட்டுக் கலவை. சமையல் குறிப்பு நாத்தனாருடையது. கணவரின் தங்கை, மாடியில் இருக்கிறாள், மாடி முன்னறையில் அழகுநிலையம் நடத்துகிறாள். இயற்கை என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். உடைத்த மக்காச்சோளம், தவிடு, பிண்ணாக்கு, மிஞ்சிய ரொட்டி. கோழிக்கு இதைவிட என்ன வேண்டும் அண்ணி, கடைத் தீவனமெல்லாம் மருந்துக் கலவை என்று சொல்லியிருந்தாள். சோப்பு அக்காவும் ஒத்துக்கொண்டிருந்தாள். இப்போது உட்கார்ந்து யோசித்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிக்கு ஒரு தட்டு, பிரசவ வார்டுக்கு ஒரு தட்டு, அறுவை முடிந்தவருக்கு ஒரு தட்டு என்று வரிசையாகப் போவதைத் தினமும் பார்த்தவள் அவள். தினம் ஒரு முட்டை வைக்கிற ஜீவன் கிட்டத்தட்டத் தினம் ஒரு பிரசவம் பார்க்கிறது. அதற்குச் சோளத்தையும் தவிட்டையும் போட்டு, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்கு அது எங்கே போகும்?

தீவனக் கடைக்காரர் அவளைக் கேட்ட கேள்விகள் அவளுக்குப் பிடித்திருந்தன. கோழிக்கு எத்தனை வாரம், நாளைக்கு எத்தனை முட்டை, வெளியே மேய்கிறதா அடைப்பிலேயே இருக்கிறதா, இப்போது என்ன போடுகிறீர்கள். ஒரு டாக்டர் கேட்கிற மாதிரிக் கேட்டார். குஞ்சுத் தீவனம், வளரும் கோழித் தீவனம், முட்டைக் கோழித் தீவனம் என்று மூன்று மூட்டைகளைக் காட்டி, ஒவ்வொன்றின் வாயிலும் தைத்திருந்த சீட்டைப் புரட்டிக் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தாள். புரதம் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஏறக்குறையத்தான் இருந்தது. கால்சியம்தான் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. வளரும் கோழிக்கு நூற்றுக்கு ஒன்று, முட்டைக் கோழிக்கு நூற்றுக்கு நாலு. வளரும் கோழிக்கு இதைப் போட்டால் அதன் சிறுநீரகம் கெடும், முட்டைக் கோழிக்கு அதைப் போட்டால் தன் எலும்பையே கரைத்து ஓடு கட்டும் என்றார் கடைக்காரர். ஒரு கோழிக்கு நாளைக்கு நூற்றுப்பத்து, நூற்றிருபது கிராம் போதும். அதற்கு மேல் சோளம், ரொட்டி என்று ருசிக்குப் போட்டால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், சமச்சீர் கெட்டுவிடும்.

முட்டைக் கோழித் தீவனமும் இரண்டு வகையாக இருந்தது. ஒன்று குருணை மாதிரி உருட்டியது. இன்னொன்று துண்டும் தூளுமாக அரைத்த மாவு. உருண்டையில் எல்லாச் சத்தும் ஒன்றாகக் கட்டியிருக்கும், கோழி பொறுக்க முடியாது என்று கடைக்காரர் அதைத்தான் எடுக்கச் சொன்னார். அவள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"உருட்டிட்டா உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுங்க. மாவுன்னா கண்ணால பாக்கலாம். மாவே குடுங்க."

உணவு விஷயத்தில் கண்ணால் பார்க்காததை அவள் நம்புவதில்லை. கடைக்காரரும் வற்புறுத்தவில்லை. மாவுத் தீவனமும் நல்ல தீவனம்தான்.

இப்படிச் சரியான தீவனம் வீடு வந்து சேர்ந்தது. கம்பிவலைக்குள் நீளமான தகரத் தொட்டி. காலையில் நிறையக் கொட்டுவாள். கோழிகள் முண்டியடித்துக்கொண்டு வந்து சோளத் துண்டுகளையும் பிண்ணாக்குக் கட்டிகளையும் கொத்தித் தின்னும். மத்தியானத்துக்குள் பெரிதாக இருந்ததெல்லாம் காலி. அடியில் சாம்பல் நிறத்தில் பொடி மட்டும் படிந்திருக்கும். சோப்பு அக்கா தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் எலுமிச்சை மரத்தடியில் கவிழ்ப்பாள். பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். விரலை ஓட்டிப் பார்ப்பாள். உலர்த்தி, புதுத் தீவனம் கொட்டுவாள். சாயங்காலம் மறுபடியும் அதே வேலை. ஊரிலேயே சுத்தமான தீவனத் தொட்டி அவளுடையதுதான். அதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்க முடியாது.

பத்து நாள் ஆயிற்று. ஓடு தேறவில்லை. விரலால் அழுத்தினால் சில முட்டைகள் காகிதம் போல உள்ளே போயின.

முதல் சந்தேகம் நாத்தனார் மேல் விழுந்தது. அழகுநிலையத்தில் ஆள் இல்லாத நேரத்தில் அவள் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்துக் கீழே போடுவாள். கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவரும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். சோப்பு அக்கா மேலே ஏறிப் போனாள். முகத்தில் பூச்சோடு ஒரு வாடிக்கைக்காரி சாய்ந்திருக்க, அவள் எதிரிலேயே, நீ போடுகிற ரொட்டிதான் என் கோழியைக் கெடுக்கிறது, இனிமேல் ஒரு துணுக்குக் கீழே விழக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நாத்தனார் அன்று முதல் ரொட்டியையும் நிறுத்தினாள், பேச்சையும் நிறுத்தினாள். முட்டை ஓட்டில் ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டாவது சந்தேகம் கடைக்காரர் மேல். முக்கால் மூட்டையைக் கணவரின் சைக்கிளில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"தீவனத்துல பாதி தூசிங்க. தினம் ரெண்டு வேளை அள்ளி அள்ளிக் கொட்டுறேன்."

"அம்மா, அது தூசி இல்லைங்க, அதுலதான்..."

"எனக்குத் தூசி தெரியாதா? அதோடயே இருபத்தோரு வருஷம் குடும்பம் நடத்துனவ நான்."

நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் மூட்டையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். அவள் அடுத்த தெருக் கடையில் வேறு பெயர் போட்ட மூட்டை வாங்கினாள். அதன் சீட்டிலும் புரதம் பதினேழு, கால்சியம் நாலு. அதன் அடியிலும் அதே பொடி. உலகத்தில் நேர்மையே போய்விட்டது என்று கணவரிடம் சொன்னாள். அவர் பேப்பரை மடக்காமலே ஆமாம் என்றார்.

இந்த நேரம் பார்த்து வெளியூரிலிருக்கும் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டாள். மருமகனுக்கு லீவு இல்லை. போய்த்தான் ஆக வேண்டும். பேக்கரிக்காரர் சொன்ன கெடு பாதிக்கு மேல் இருந்தது. சோப்பு அக்கா ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் பதினொரு கட்டளைகள் எழுதிக் கம்பிவலைக் கதவில் கட்டினாள். ஒன்று, தண்ணீர் மாற்றுவது. இரண்டு, முட்டை எடுப்பது. மூன்று, தீவனம் இரண்டு வேளை. நாலு, ஒவ்வொரு வேளையும் தொட்டியைக் கவிழ்த்து, பிரஷ் போட்டு, உலர்த்தியபின் புதுத் தீவனம். நாலாவதன் கீழே இரண்டு கோடு. கணவர் பதினொன்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே பேக்கரிக்காரர் கடையிலிருந்து கூப்பிட்டார். தீவனத்தை மாற்றினீர்களா அக்கா, நாலஞ்சு நாளிலேயே ஓடு தேற ஆரம்பித்துவிட்டது, கடைசி ஒரு வாரமாக ஒரு கீறல்கூட இல்லை என்றார். ஒரு முட்டையை எடுத்து மேஜையில் மெல்லத் தட்டிக் காட்டினார். கல் மாதிரிச் சத்தம் கேட்டது.

அவளுக்கு வந்தது சந்தோஷம் அல்ல, சந்தேகம். பையை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கணவர் எதிரே போய் நின்றாள்.

"உண்மையச் சொல்லுங்க. வேற எங்கயாவது முட்டை வாங்கிக் குடுத்தீங்களா?"

"முப்பது வருஷம் பஸ்ல செக்கிங்கைச் சமாளிச்சுட்டு வந்தா, வீட்டுலயும் செக்கிங்கா?"

"குடுத்தீங்களா இல்லியா?"

"நம்ம கோழி, நம்ம முட்டை. வேணும்னா கோழியக் கேளு."

அட்டையில் எழுதியபடி எல்லாம் செய்தீர்களா என்று கேட்டாள். செய்தேன் என்றார். பதினொன்றுமா? பதினொன்றும்தான். தொட்டியைத் தேய்த்தீர்களா? தேய்த்தேன் என்றார், கொஞ்சம் வேகமாக. அவள் தொட்டியைப் போய்ப் பார்த்தாள். அடி சுத்தமாகத்தான் இருந்தது, பொடி எதுவும் இல்லை. ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று எச்சக் கறை. மனிதர் தேய்த்திருக்கிறார், ஓரம் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள். ஆக, இரண்டாவது கடைத் தீவனம்தான் நல்ல தீவனம். கோழி உடம்பில் பிடிக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இப்படி ஒரு முடிவுக்கு வந்து, அன்று சாயங்காலமே பழையபடி வேலையில் இறங்கினாள். காலையில் கவிழ்த்துத் தேய்த்தல், மாலையில் கவிழ்த்துத் தேய்த்தல்.

ஐந்தாம் நாள் ஒன்று கீறல் விட்டது. ஏழாம் நாள் மூன்று. பேக்கரிக்காரர் உடைந்த மூன்றையும் எடுத்து ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தார். சுவரில் தொங்கிய காலண்டரை அவர் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். கெடுவுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அதில் கடைசி ஏழு நாள் கணக்கில் வருகிறது.

வீட்டுக்கு வந்து கோழிக் கூண்டருகே கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். அதே கோழி, அதே மூட்டை, அதே தண்ணீர். அவள் இல்லாதபோது ஓடு கெட்டி. அவள் இருக்கும்போது ஓடு மெலிசு. ஆஸ்பத்திரியில் ஒரு வார்டில் மட்டும் வயிற்றுப்போக்கு என்றால், அந்த வார்டுக்குப் பரிமாறிய கை யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு கணவரைக் கூப்பிட்டாள். அவர் வந்தபோது குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"நான் கோவிச்சுக்க மாட்டேன். நான் இல்லாதப்ப என்ன செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கதவில் தொங்கிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாம் நம்பர் செய்யலை."

"எத்தனை நாள் செய்யலை?"

"ஒரு நாளும் செய்யலை."

"தேய்ச்சேன்னு சொன்னீங்களே."

"நீ கேட்ட கேள்விக்கு வேற என்ன சொல்றது? தேய்க்கலைன்னு சொல்லிட்டு இந்த வீட்டுல சோறு திங்க முடியுமா?"

அவள் அதை விட்டுவிட்டாள். தொட்டி எப்படிச் சுத்தமாக இருந்தது என்று மட்டும் கேட்டாள். அவர் கையை விரித்தார்.

"அதுல கவுக்கறதுக்கு என்ன இருந்துச்சு? இதுங்களுக்கு ரெண்டு டிரிப் அடிக்க என்னால ஆகாது. காலைல ஒரே டிரிப். நிறுத்தத்துல ஏறலேன்னா அவ்வளவுதான், அடுத்த வண்டி நாளைக்குத்தான். மொதல்ல ரெண்டு நாள் கத்துச்சுங்க. அப்புறம் சாயங்காலத்துக்குள்ள அடி வரைக்கும் நக்கி வச்சிருந்துச்சுங்க."

அன்று மத்தியானம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு எலுமிச்சை மரத்தடிக்குப் போனவள் கவிழ்க்கவில்லை. பொடியில் ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பினாள். தவிட்டுத் தூள், மஞ்சளாக ஏதோ ஒன்று, அதற்கிடையில் மணல் மாதிரி வெள்ளையாக ஒன்று. ஆஸ்பத்திரியில் வெந்நீர்ப் பாத்திரங்களின் அடியில் வெள்ளையாகப் படிகிற உப்பைக் கரைக்க எலுமிச்சம்பழச் சாற்றை ஊற்றுவாள். சுண்ணாம்பாக இருந்தால் நுரைத்துக்கொண்டு வரும். தலைக்கு மேல் தொங்கிய ஒரு காயைப் பறித்துப் பிழிந்தாள். தட்டில் சின்னச் சின்னதாகக் குமிழி கிளம்பியது. காதைக் கிட்டே கொண்டுபோனால் சத்தம்கூடக் கேட்டது.

சீட்டில் எழுதியிருந்த நூற்றுக்கு நாலில் பெரும்பங்கு இந்த மரத்தடிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளாக எலுமிச்சைக்கு மட்டும் இலை அப்படிப் பச்சையாக இருந்ததற்கு அவள் வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பழைய கடைக்கே போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்தும் பார்க்காதது போல வேறொருவருக்கு எடை போட்டார். அவள் காத்திருந்து, அன்றைக்கு நீங்கள் சொல்ல வந்ததை நான் சொல்லவிடவில்லை, இப்போது சொல்லுங்கள் என்றாள். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். அவர் முதலில் பிகு பண்ணினார். பிறகு, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத மனிதராகையால், கால் மணி நேரம் பேசினார். சுண்ணாம்புத் தூள், வைட்டமின், புரதத்தை முழுதாக்குகிற பொடிகள், எல்லாமே நைசாக அரைத்ததுதான். கோழி பெரிதைப் பொறுக்கித் தின்னும், நைசை அடியில் தள்ளிவிடும். மறுபடி மறுபடி மேலே கொட்டிக்கொண்டிருந்தால் அது அடிப்பக்கமே போகாது. ஒரு நாளைக்கு ஒரு முறையாவது அதுவே தொட்டியைக் காலி செய்ய வேண்டும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறினால் பொடி சோளத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தின்று முடிக்கிற அளவுதான் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தொட்டியைத் தேய்ப்பது தப்பு இல்லையம்மா, தேய்ப்பதற்கு முன்னால் அது காலியாக இருக்க வேண்டும் என்று முடித்தார். பழைய மூட்டையே கொடுங்கள் என்றாள். உருண்டை வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். மாவை இப்போது அவளுக்குத் தெரியும்.

புரிந்துகொள்வது ஒரு நாளில் முடிந்துவிட்டது. கையைக் கட்டிப்போடுவதுதான் கஷ்டமாக இருந்தது. காலையில் நாலே முக்கால் கிலோ அளந்து கொட்டினாள். பத்து மணிக்குப் பெரிதெல்லாம் தீர்ந்து அடியில் பொடி. கோழிகள் வரிசையாக நின்று அவளைப் பார்த்தன. ஆஸ்பத்திரியில் இரண்டாம் தரம் கேட்கிற நோயாளிகளின் முகம் அப்படித்தான் இருக்கும். அவள் அவற்றைப் பார்க்கவில்லை. தொட்டியின் அடியைப் பார்த்தாள். பிரஷ் ஆணியில் தொங்கியது. இரண்டு முறை எழுந்து பாதி தூரம் போய்த் திரும்பி வந்தாள். மூன்றாவது முறை எழுந்தபோது வேறு வழி தெரியாமல் மாடிப்படி ஏறினாள்.

நாத்தனார் சீப்புகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். சோப்பு அக்கா வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரொட்டி இல்லை காரணம்."

"அப்படியா."

"ரொம்பப் போடாதே. ஒரு கைப்பிடி போடலாம்."

"அண்ணி, இது மன்னிப்பா, பர்மிஷனா?"

"உனக்கு எது வேணுமோ எடுத்துக்க."

நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வந்ததுதான் வந்தீர்கள், முடியைக் கொஞ்சம் வெட்டிவிடட்டுமா என்று கேட்டாள். சோப்பு அக்கா தலையை ஆட்டினாள். பின்னால் பிடித்துக் காட்டிய கண்ணாடியில் தன் பிடரியை முதல் தடவையாகப் பார்த்தாள். கூண்டுப் பக்கம் சன்னலைச் சாத்தச் சொன்னாள்.

ஆறு நாளும் மத்தியானம் அவள் மாடியில்தான் இருந்தாள். இறங்கி வரும்போது தொட்டி சாயங்கால வெயிலில் காலியாக மின்னும். அதற்குப் பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்தாள். அதை யாரும் தடுக்க முடியாது. முதல் மூன்று நாள் ஒன்றிரண்டு கீறல் வந்தது. நாலாம் நாளிலிருந்து குறைந்தது. ஏழாம் நாள், பேக்கரிக்காரரின் கணக்கு ஆரம்பித்த அன்று, அட்டையில் முப்பதும் முழுசாக இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அடுக்கினார். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஐந்து நாளும் அப்படியே போயிற்று.

கடைசி நாள் காலையில் கையில் இருந்தது, முந்தின நாள் கோழிகள் வைத்த முப்பதுதான். மற்ற நாட்களில் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கும்; மிஞ்சுவது அன்றன்றைக்கே சமையலுக்குப் போய்விடும். இருட்டு முழுதாக விலகாத நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, விரலை ஓட்டிப் பார்த்தாள். பதினெட்டாவது முட்டையில் விரல் நின்றது. முடிக் கனத்தில் ஒரு கீறல். விளக்கடியில்கூடச் சட்டென்று தெரியாது. பக்கத்தில் நின்ற கணவர், கீறல் பக்கம் கீழே வருகிற மாதிரி வைத்துவிடு, அவர் கண்ணில் படாது என்றார். மற்றவர்கள் சொன்னால் கேவலமாக இருக்கும், அவர் சொன்னால் யோசனை மாதிரி இருக்கும். அவள் அந்த முட்டையைச் சமையலறையில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

பேக்கரியில் அட்டையை வைத்தாள். அவர் எண்ணினார். ஒரு குழி காலியாக இருந்தது.

"இருபத்தொம்பதுதான்க்கா இருக்கு."

"முப்பதாவதுல கீறல். வீட்டுல இருக்கு."

அவர் காலிக் குழியைப் பார்த்தார். அடுப்பிலிருந்து முதல் தட்டு ரொட்டி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு, இருபத்தொன்பது முட்டையையும் அவளுக்கு எதிரிலேயே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அவள் அங்கேயே நின்றாள். முதுகு நேராகத்தான் இருந்தது; கைகளை மட்டும் முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசி முட்டையையும் வைத்துவிட்டு, காலி அட்டை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு முப்பது வேணும்க்கா. குறையக் கூடாது."

"கோழி வச்சா தர்றேன்" என்றாள் அவள். அட்டையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டார். நாளைக்கு முப்பது வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு அவள் நேராகக் கொல்லைப்புறம் போனாள். தீவனம் அளக்கிற நேரம் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் சமையலறைக்குப் போய், கிண்ணத்திலிருந்த முட்டையை வாணலி விளிம்பில் தட்டினார். கீறல் விட்டிருந்தும் அது ஒரே தட்டில் உடையவில்லை. இரண்டாவது முறை தட்ட வேண்டியிருந்தது.